சுவர் ஓவியமும் சீர்தூக்கி எழுதும் பயிற்சியும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அந்தச் சுவர் யாருடையது என்று பழமொழி கேட்பதில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அதையே கட்டுரைப் பொருளாகக் கொடுத்தேன்: "தெருச் சுவர்களில் ஓவியம் வரையலாமா? இருபக்கமும் ஆராய்ந்து எழுதுக."

தாராவி, மாதுங்காப் பிள்ளைகளுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை. 2009 ஆகஸ்டில் மும்பை மாநகராட்சி, மாஹிம் முதல் தாதர் வரை துளசி பைப் சாலையை ஒட்டிய ரயில்வே சுவரில் பொதுமக்கள் ஓவியம் வரைய ஏற்பாடு செய்தது. பலரும் தூரிகை பிடித்தனர். மறுபக்கம், அனுமதியின்றிச் சுவர்களைப் பாழ்படுத்துவதைத் தடுக்க மகாராஷ்டிரத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இரண்டையும் சொல்லித்தான் எழுதச் சொன்னேன்.

பிழை செய்தது நான். ரயில்வேயில் பொறியாளனாக இருந்தவன். சுவரைக் கண்டால் விரிசலும் நீர் வடியும் துளையும்தான் என் கண்ணில் படும். வண்ணம் பூசினால் விரிசல் மறையும், துளை அடையும். ஆகவே "வரையவே கூடாது" என்று எழுதிய சிறுமிக்குப் பத்துக்கு எட்டு போட்டேன். "வரையலாம்" என்று எழுதிய தாராவிச் சிறுவனுக்கு நான்கு.

அவன் நோட்டுடன் வந்து நின்றான். "சார், எங்க அப்பா போர்டு எழுதுறவர். ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் வேலை கொறைஞ்சு போச்சு. சுவர்ல வரையச் சொன்னா அவருக்கு வேலை கிடைக்கும்னு எழுதினேன். அது தப்பா சார்?"

தப்பில்லை. இருவருமே ஒரு பக்கம்தான் எழுதியிருந்தார்கள். என் கட்சிக்காரிக்கு மட்டும் அது குறையாகத் தெரியவில்லை. நடுவுநிலை கற்பிக்க வந்தவனிடமே அது இல்லை.

அடுத்த வாரம் பாடத்தை மாற்றினேன். பெற்றோர்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

1. தலைப்பைச் சுருக்குங்கள். "நம் சால் சுவரில் ஓவியம் வரைய விடலாமா?" என்றால் பிள்ளைக்குப் பிடி கிடைக்கும்.

2. தாளின் நடுவே கோடு போட்டு, 'வேண்டும்', 'வேண்டாம்' என்று பிரியுங்கள். ஒவ்வொரு வரியிலும் 'ஏனென்றால்' வர வேண்டும். "வேண்டாம், ஏனென்றால் அந்தக் காசில் குழாயைச் சரிசெய்யலாம்" என்றாள் ஒருத்தி. நல்ல காரணம்.

3. செய்தியையும் கருத்தையும் பிரிக்கச் சொல்லுங்கள். சென்னைக் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் 2020இல் ஓவியங்கள் வரைந்தார்கள் என்பது செய்தி. அதனால் ஊரே அழகாயிற்று என்பது கருத்து.

4. தனக்குப் பிடிக்காத பக்கத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். எதிர்க்கட்சிக்காரர் படித்தால், "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. 'மறுபுறம்', 'இருப்பினும்', 'ஆகவே' என்ற சொற்களால் கோத்து, முடிவு சொல்ல வையுங்கள்.

பட்டிமன்றத்தில் இரண்டு அணி, ஒரு நடுவர். கட்டுரையில் மூவரும் ஒரே பிள்ளைதான். நடுவர் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது. இரு பக்கமும் ஐந்தைந்து வரி எழுதிவிட்டால் சமநிலை வந்துவிடாது. நேர்ப்பாதையில் இரண்டு தண்டவாளமும் ஒரே மட்டம். வளைவிலோ வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்துவோம். அப்போதுதான் ஓடும் வண்டியின் பாரம் சீராக இறங்கும். அதுபோல, கனமான காரணத்துக்கு அதற்குரிய இடம் தர வேண்டும்.

அந்தச் சிறுவன் மறுபடி எழுதினான். விரிசல் மறையும் என்ற என் வாதத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டு இப்படி முடித்திருந்தான்: "ஆகவே சுவர்க்காரரைக் கேட்டு, விரிசலைப் பூசி, தண்ணீர் போகும் ஓட்டையை விட்டுவிட்டு வரையலாம். வரைகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும்."

ஒன்பது போட்டேன். 'கூலி'க்கு 'ளி' போட்டிருந்ததால் ஒன்று குறைத்தேன். இந்த முறை அவன் நோட்டைத் திருப்பிக் கொண்டு வரவில்லை.