பார்சல் சாப்பாடு: எதைச் சேர்க்கலாம், எதைப் பிரிக்க வேண்டும்?

மெஸ் நடத்துகிறவர்கள் பார்சல் டப்பா வாங்கக் கடைக்குப் போனால் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து எத்தனை மில்லி என்று கேட்கிறார்கள். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் கடைக்குப் போகும் முன்பே அடுப்படியில் நின்று யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் சாப்பாட்டில் எது எதைக் கெடுக்கும்?

ரசம் கசிந்தால் பொரியல் போச்சு. ஆவி பட்டால் அப்பளம் நமத்துவிடும். சூடான சாம்பாரை ஒட்டி வைத்த தயிரில் புளிப்பேறும், தேங்காய்ச் சட்னி ஊசிப்போகும். இப்படி ஒன்றோடொன்று சேரக் கூடாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பிரிவு இருந்தால் போதும். அதைவிடக் குறைந்தால் வாடிக்கையாளர் திட்டுவார். கூடினால் மதியம் பன்னிரண்டரைக்குப் பார்சல் கட்டுகிற பையன் மூடி போட்டே ஓய்ந்துபோவான், குப்பையும் கூடும்.

முழுச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். சாதம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் அல்லது தயிர், கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய், பாயசம் என்று பத்து வகை. பத்துக்கும் பத்து டப்பா வைக்கிற கடைகளும் இருக்கின்றன. தேவையில்லை. சாதம் தனி. சாம்பார், ரசம், குழம்பு மூன்றும் சூடான நீர்ப்பொருள். சூட்டில் ஒத்துப்போனாலும் ருசியில் கலக்கக் கூடாது, ஆகவே ஆளுக்கொரு கப். தயிர் குளிர்ந்தது, அதற்கும் தனிக் கப். கூட்டும் பொரியலும் நடுவே ஒரு தடுப்பு உள்ள ஒரே டப்பாவில் நிம்மதியாக இருக்கும். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே போகக் கூடாது, காகிதக் கவர் போதும். ஊறுகாயைப் பொரியலின் ஓரத்தில் ஒரு துண்டு இலை போட்டு வைத்துவிடலாம்.

இன்னும் ஒரு படி போகச் சொல்வேன். பார்சலுக்கென்று மெனுவையே கொஞ்சம் மாற்றுங்கள். தளரக் கிண்டிய கூட்டுக்குப் பதில் ஒரு வறுவல், குழம்பு இரண்டுக்குப் பதில் ஒன்று. பருப்புச் சாம்பார் நிற்க நிற்கக் கெட்டிப்படும், அதனால் பார்சல் சாம்பாரைக் கொஞ்சம் தளர வையுங்கள். டப்பாவால் தீராத சிக்கல் பல கரண்டியால் தீர்ந்துவிடும்.

இலைப் பொட்டலம்

ஒற்றைச் சோற்றுக்கு இதற்கு இணையான பார்சல் இன்னும் வரவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம், வெண்பொங்கல், இட்லி எல்லாம் வாழையிலையில் நன்றாக இருக்கும். இலை கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் ஆவியை வெளியே விடும். மூடிய டப்பாவில் மேல்சோறு வியர்த்துக் கொழகொழவென்று ஆவதுபோல இதில் ஆகாது.

ஆனால் கட்டத் தெரிய வேண்டும். பச்சை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். தணலுக்கு மேலே பின்புறம் காட்டி ஒரு முறை இழுத்தால் இலை நிறம் மாறித் துவளும், அதன் பிறகு எப்படி மடித்தாலும் கேட்கும். நடுத்தண்டைச் சீவிவிட்டு, சோற்றை நடுவில் நீளவாட்டில் குவித்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, முனைகளை அடியில் செருக வேண்டும். மேலே ஒரு தாள், அதற்கு மேல் நூல் நாலு சுற்று. அந்தத் தாள் செய்தித்தாளாக இருக்கக் கூடாது. உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதியல் விதிகளிலேயே இருக்கிறது. அச்சு மை சூட்டிலும் எண்ணெயிலும் உணவில் இறங்கும். அச்சடிக்காத வெள்ளைத் தாளோ பழுப்புத் தாளோ வாங்குங்கள்.

இலைக்கு வராதது நீர்ப்பொருள். அங்கேதான் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூல் சுற்றுகிற பழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பை, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, கப், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் கப் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கவருக்குப் பதிலாக இப்போது பல கடைகளில் பளபளக்கும் சில்வர் கவரைப் பார்க்கிறோம். வெளியே அலுமினியமாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் படலம்தான். ஊற்றும்போது நிற்காமல் சரிகிறது, மிச்சத்தை மூடி வைக்கவும் வழியில்லை. நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அறை வைத்த தட்டு

மூன்று அறை, ஐந்து அறை, எட்டு அறை என்று வருகிற மீல்ஸ் ட்ரே கண்ணுக்கு அழகு. திறந்தவுடன் ஒரு முழுச் சாப்பாடு விரிந்தாற்போல இருக்கும். கடையிலேயே வாங்கி, பக்கத்து ஆபீசில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது சரி. வண்டியில் போகிற சாப்பாட்டுக்குச் சரிவராது.

காரணம் மூடி. வெளி விளிம்பில்தான் அது கெட்டியாகப் பிடிக்கிறது. அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பின்மேல் சும்மா படிந்து கிடக்கிறது. தட்டு சாய்ந்தால் ரசம் அந்த இடுக்கு வழியே பக்கத்து அறைக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, உள்ளே எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். மெஷின் வைத்துப் படலம் ஒட்டினால் தடுப்புகளின் மேலும் ஒட்டும். ஆனால் தடுப்பின்மேல் ஒரு பருக்கையோ ஒரு சொட்டு எண்ணெயோ இருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது. மதிய நெரிசலில் தட்டுக்குத் தட்டு விளிம்பு துடைக்க யாருக்கு நேரம்?

இரண்டாவது சிக்கல் சூடு. ஒரே தட்டில் சாதமும் தயிரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியசுக்குள் நெடுநேரம் இருக்கக் கூடாது, அந்த வெப்பத்தில்தான் கிருமி வேகமாகப் பெருகும். அறைத் தட்டில் சூடானது ஆறும், குளிர்ந்தது சூடேறும், இரண்டும் அந்த நடு வெப்பத்துக்கே வந்து நிற்கும்.

ஆகவே அறைத் தட்டைக் கெட்டியான பண்டங்களுக்கு மட்டும் வையுங்கள். சப்பாத்தி, கெட்டிக் குருமா, ஒரு பொரியல் என்றால் மூன்று அறை அருமையாக வேலை செய்யும்.

தனித்தனி டப்பா

முழுச் சாப்பாட்டுக்கு நான் சொல்வது இதுதான். சாதத்துக்கு ஒரு பெரிய டப்பா, நீர்ப்பொருளுக்கு வட்டக் கப்புகள், கூட்டு பொரியலுக்குத் தடுப்பு வைத்த சிறிய டப்பா. எந்தப் பொருளில் வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கறுப்பும் வெள்ளையுமாகக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். கொதித்து இறக்கிய சாம்பாரை இது தாங்கும். கண்ணாடிபோல மின்னுகிற டப்பாவின் அடியில் 1 என்று இருந்தால் அது பெட். சாலட்டுக்கும் பழத்துக்கும் நல்லது. ஏறக்குறைய 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிப்பதால் சூடான ரசம் ஊற்றினால் நெளிந்து மூடி கழன்றுவிடும். சோள மாவிலிருந்து செய்தது என்று விற்கிற பிஎல்ஏ டப்பாவும் 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகும். குளிர்ந்ததற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய டப்பா பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் பொருத்தம், சூட்டைத் தாங்கும். ஆனால் புளியும் உப்பும் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். வத்தக்குழம்பு, ரசம், புளியோதரை, தக்காளித் தொக்கு எதையும் அதில் வைக்காதீர்கள்.

கரும்புச் சக்கைத் தட்டும் டப்பாவும் மட்கிப் போகும், சூடும் தாங்கும். அரை மணி நேரம் பொரியல் வைக்கலாம். எண்ணெய் மிதக்கும் குழம்பை வைத்தால் மெல்ல ஊறி அடி இளகும். பாக்குமட்டை உறுதியானது. ஆனால் இயற்கை மட்டையாதலால் ஒன்று இருந்தாற்போல் ஒன்று இருக்காது, கெட்டி மூடி அதற்கு வாய்க்காது. கிராஃப்ட் காகிதக் கிண்ணம் என்று கொடுத்தால் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். உள்பக்கத்தில் மெல்லிய படலம் ஜவ்வுபோல இழுபட்டால் அது பிளாஸ்டிக் பூச்சு.

நீர்ப்பொருளுக்கு வட்டக் கப்தான். சதுர டப்பாவில் மூடியின் அழுத்தம் நேர்ப்பக்கங்களில் ஒரு மாதிரியும் மூலைகளில் வேறு மாதிரியும் விழும், கசிவு எப்போதும் மூலையில்தான் தொடங்கும். வட்ட விளிம்பில் அழுத்தம் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும்.

மூடி போடும் நேரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கொதிக்கிற ரசத்தை விளிம்புவரை ஊற்றி உடனே மூடினால் மூடியின் நடுப்பகுதி மேலே உப்பிக்கொண்டு வரும். உள்ளே அடைபட்ட ஆவி தள்ளுகிறது. ஒரு பக்கம் 'டக்' என்று விடும். பையன் திரும்ப அழுத்துவான், எதிர்ப்பக்கம் விடும். சற்று நேரம் ஆவி அடங்க விட்டு, விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டு மூடினால் இந்தத் தொல்லை இல்லை. 200 மில்லி சாம்பாருக்கு 250 மில்லி கப் வாங்கச் சொல்வது அதற்காகத்தான். ஆறிய பிறகு நேர்மாறாக நடக்கும். உள்ளே காற்று சுருங்கி மூடி உள்வாங்கி இறுகிக்கொள்ளும்.

அந்த இறுக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று மெஸ் பார்சலை நம்பிச் சாப்பிடுகிறவர்களில் தனியாக வாழும் முதியவர்கள் கணிசம். விரலில் வலுவில்லாதவர் அந்த மூடியோடு மல்லுக்கட்டி, திடீரென்று திறந்து, சூடான சாம்பார் கையில் கொட்டினால் அந்தப் பாவம் நம்முடையது. மூடியில் பிடித்துத் தூக்க ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிற வகையைத் தேடி வாங்குங்கள். படலம் ஒட்டுகிறவர்கள் ஓரத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டால் கத்தரிக்கோல் தேடாமல் உரிக்கலாம். சாம்பார் கப்பும் ரசக் கப்பும் ஒரே அளவாக இருந்தால் மூடியில் 'சா', 'ர' என்று பேனாவால் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை அவர்களுக்கு மிச்சம்.

பைக்குள் அடுக்குவது

பிரித்து வைத்ததெல்லாம் கடைசியில் ஒரே பையில்தான் போகிறது. பையின் அடி அகலம் சாத டப்பாவின் அகலத்துக்குச் சரியாக இருந்தால் டப்பா தட்டையாக உட்காரும், அதன்மேல் கப்புகள் நிற்கும். அடி குறுகிய பையில் டப்பா சாய்ந்தே போகும், எவ்வளவு நல்ல மூடியும் அப்போது தோற்கும். ஆகவே பையை முதலில் அளந்துவிட்டு டப்பாவைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். சாம்பாரும் ரசமும் ஒரு பக்கம், தயிர் மறுபக்கம், நடுவே பொரியல் டப்பா தடுப்பாக நிற்கட்டும். அப்பளம், வடைக் கவர்கள் எல்லாவற்றுக்கும் மேலே, வாய் திறந்தபடி. வடையை மூடிய டப்பாவில் வைத்தால் பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும்.

ஸ்பூன், டிஷ்யூ எல்லாருக்கும் வேண்டியதில்லை. வீட்டு முகவரிக்குப் போகிற சாப்பாட்டுக்குக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு நாடு முழுக்கவே 2022 ஜூலை 1 முதல் தடை.

அடுக்குத் தூக்கு

மாதக் கணக்குச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டியதில்லை. எவர்சில்வர் கேரியர் போதும். அடுக்குக்கு அடுக்கு தனி, மேல் அடுக்கின் அடியே கீழ் அடுக்குக்கு மூடி, பக்கத்துக் கொக்கி எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். புளிக்கும் சூட்டுக்கும் எவர்சில்வர் அசையாது. மும்பை டப்பாவாலாக்கள் 1890 வாக்கில் தொடங்கி இன்றுவரை டப்பாவைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அது நடப்பதற்குக் காரணம் தினமும் அதே வீடு, அதே ஆபீஸ், அதே வழி என்பதுதான். முகம் தெரியாதவர் ஆப்பில் ஒரு நாள் வாங்குகிற சாப்பாட்டுக்குக் கேரியர் கொடுத்தால் திரும்பி வராது. பக்கத்துத் தெருக்களில் முப்பது வீட்டுக்குத் தினமும் போகிறீர்கள் என்றால் வீட்டுக்கு இரண்டு கேரியர், ஒரு சிறு முன்பணம், இன்றைய கேரியரை வைத்துவிட்டு நேற்றையதை எடுத்து வருகிற பழக்கம் போதும். கழுவ ஓர் ஆள் சம்பளம் ஆகும். அதையும் மாதம் முழுக்க வாங்கும் டப்பாக் காசையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

வாங்கும் முன்

எந்த டப்பாவானாலும் முதலில் ஐம்பது மட்டும் வாங்குங்கள். தண்ணீர் ஊற்றிச் சோதிக்காதீர்கள், தண்ணீர் தாங்குகிற மூடி சாம்பாரில் மிதக்கும் எண்ணெய் பட்டால் வழுக்கும். உண்மையான சூட்டில் உண்மையான ரசத்தை ஊற்றி, மூடி, வெள்ளைத் தாளின்மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பத்து நிமிடத்தில் தாளில் கறை தெரிந்தால் அந்த டப்பா வேண்டாம். தேறியதைப் பையில் அடுக்கி வண்டியில் மாட்டி, உங்கள் ஊரில் வேகத்தடை அதிகமுள்ள தெருவில் ஒரு சுற்று அனுப்புங்கள். முக்கால் மணி கழித்துத் திறந்து, நீங்களே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பிடித்துப்போய் மொத்தமாக வாங்கும்போது டப்பாவும் மூடியும் ஒரே கம்பெனியின் ஒரே சரக்கு என்று பார்த்து வாங்குங்கள். மூடி தீர்ந்துவிட்டது என்று வேறு கம்பெனி மூடியைக் கடைக்காரர் சேர்த்துக் கொடுப்பார். அளவு ஒன்றுதான் என்பார். கையோடு கொண்டுபோன பழைய கப்பில் அந்த மூடியைப் போட்டு, கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.