சாதனம் சொல்லும் கணக்கு



யுஎஸ்பி டிரைவர் எழுத வந்திருக்கும் உனக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: செருகிய சாதனம் தன்னைப் பற்றித் தரும் எந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. சாதனம் தன்னை விவரித்து அனுப்பும் டிஸ்கிரிப்டரின் முதல் பைட் அதன் நீளத்தைச் சொல்கிறது. அதை எழுதியதும் சாதனம்தான். வந்து சேர்ந்தது எத்தனை பைட், நாம் ஒதுக்கிய இடம் எவ்வளவு, இவை இரண்டு மட்டுமே நமக்கு உறுதியாகத் தெரியும். கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரில் முதல் 9 பைட்டை வாங்கி, மொத்த நீளத்தைப் பார்த்து இடம் ஒதுக்கி, பிறகு முழுவதையும் கேட்கிறோம். இரண்டாம் முறை வேறு நீளம் சொல்லச் சாதனத்துக்குத் தடையேதும் இல்லை.

நீளத்தைச் சரிபார்த்தாலும் வேலை முடியாது. லினக்ஸின் வெப்கேம் டிரைவரில் சிவிஇ-2024-53104 என்று பதிவான பிழையைப் பொறுமையாகப் படி. ஃபிரேம் டிஸ்கிரிப்டர்களை எண்ணி இடம் ஒதுக்குவது ஒரு சுற்று. அவற்றைப் பிரித்து எழுதுவது இன்னொரு சுற்று. வகை குறிக்கப்படாத ஃபிரேம்களை முதல் சுற்று கணக்கில் சேர்க்கவில்லை, இரண்டாவது சுற்றோ அவற்றையும் எழுதியது. பஃபரின் எல்லை அங்கேதான் உடைந்தது. 2008-இல் நுழைந்த இந்தப் பிழை 2024 வரை திருத்தப்படவில்லை. திருத்தம் என்னவோ லூப்பில் ஒரு நிபந்தனைதான். எண்ணும் இடத்திலும் எழுதும் இடத்திலும் விதி ஒன்றாகவே இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷனை வை.

போனே அடுத்தவர் கைக்குப் போனபின் டிரைவரைக் காத்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். செர்பியாவில் ஒரு மாணவச் செயற்பாட்டாளரின் பூட்டிய ஆண்ட்ராய்டு போனைத் திறக்க இப்படிப்பட்ட யுஎஸ்பி டிரைவர் பிழைகளே பயன்பட்டன என்பதை 2025 பிப்ரவரியில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்டது. போனைப் பறிகொடுத்தவருக்கு மிஞ்சியிருந்த காவல் அந்தப் பூட்டு ஒன்றுதான். சோதனைகளால் வேகம் குறையும் என்பதும் இங்கே பொருந்தாது. டிஸ்கிரிப்டரைப் படிப்பது பெரும்பாலும் சாதனத்தைச் செருகும்போது மட்டும்தான். ரஸ்ட் மொழியில் எழுதினால் தீருமே என்பதில் பாதி உண்மை உண்டு: எல்லை தாண்டி எழுதுவது நிற்கும், தவறாக எண்ணியது தவறாகவே இருக்கும். கர்னலின் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் காசானும், தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதிக்கும் சிஸ்காலரும் அருமையான கருவிகள், ஆனால் சோதனையில் ஓடாத பாதையில் இருக்கும் பிழை காசானுக்குத் தெரியாது. ஆகவே உன் டிரைவரை அனுப்புமுன், நீளம் பூஜ்யம் என்றும், இருப்பதைவிட அதிகம் என்றும், பாதியில் மாறும் என்றும் பொய் சொல்லும் போலிச் சாதனம் ஒன்றை நீயே எழுதி அதைச் செருகிப் பார்.