ஆசிரியர் வேலை, அயல்நாட்டு விசா: ஒரகடம் சாலையில் உலவும் ஆறு நம்பிக்கைகள்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் சாலைக்கு வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர் என ஆலைகள் வரிசையாக எழுந்தன. கொரியர், ஜப்பானியர், ஜெர்மானியர் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்கள் இந்தப் பக்கம் இப்போது யாருக்கும் புதிதல்ல.

வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர்களை அன்றாடம் பார்க்கும் ஊரில், சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு 'நாமும் ஏன் போகக் கூடாது?' என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அந்த ஆசையைச் சுற்றி உலவும் செய்திகளில் பல தவறானவை. கற்பிப்பதற்கான தகுதியை ஓர் அலுவலகம் அங்கீகரிக்கிறது. நாட்டுக்குள் வேலை செய்யும் அனுமதியை வேறோர் அலுவலகம் தருகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

நம்பிக்கை 1: பி.எட். முடித்து டெட் தேர்விலும் தேறிவிட்டால் எந்த நாட்டிலும் ஆசிரியராகலாம்.

உண்மை: டெட் தேர்வு, கல்வி உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் கொண்டுவந்த ஏற்பாடு. இந்தியாவில் 1 முதல் 8ஆம் வகுப்புவரை கற்பிக்கும் நியமனங்களுக்கானது அது. வெளிநாடுகளில் அதற்குத் தனி மதிப்பு கிடையாது.

இங்கிலாந்தில் 'தகுதிபெற்ற ஆசிரியர்' என்ற அங்கீகாரத்தை அந்நாட்டுக் கல்வித் துறை வழங்குகிறது. 2023 பிப்ரவரி முதல் இந்திய ஆசிரியர்களும் இதற்கு நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்க முடிகிறது, கட்டணம் இல்லை. ஆனால் இந்தியர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. 11 முதல் 16 வயதுவரையான மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றில் ஒன்றைக் கற்பிக்கும் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வரலாற்று ஆசிரியருக்கோ தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கோ இந்த வழி இல்லை. அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமம் தருகிறது. டெக்சாஸ் உரிமம் கலிபோர்னியாவில் அப்படியே செல்லாது.

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. காஞ்சிபுரம் பகுதியில் படித்த பலருடைய இளநிலைப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகம் தந்தது; பி.எட். பட்டமோ 2008இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தந்தது. மதிப்பெண் விவரங்களைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று அயல்நாட்டு மதிப்பீட்டு நிறுவனம் கேட்டால், இரண்டு இடங்களிலும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கான கால அவகாசத்தை முன்பே ஒதுக்கிவிடுவது நல்லது.

நம்பிக்கை 2: தகுதி அங்கீகாரம் கிடைத்துவிட்டால் விசா தானாக வந்துவிடும்.

உண்மை: வராது. இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதி, அங்கே வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. வெளிநாட்டவரைப் பணியமர்த்த உரிமம் பெற்ற பள்ளி ஒன்று வேலை தந்து ஸ்பான்சர் சான்றிதழ் வழங்கிய பிறகுதான் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. வேலை தருவதாகச் சொல்லும் பள்ளியின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும், காசு செலவில்லை. ஸ்பான்சர் சான்றிதழுக்கான கட்டணத்தைப் பள்ளி இந்த விசாவில் வரும் ஊழியரின் தலையில் கட்டக் கூடாது என்பதும் அந்நாட்டு விதி.

அமெரிக்காவுக்கு ஆசிரியர்கள் போகும் வழிகளில் ஒன்று ஜே-1 பரிமாற்ற விசா. அதற்குக் குறைந்தது 2 ஆண்டுகள் கற்பித்த அனுபவம் வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அமைப்புதான் ஸ்பான்சராக இருக்க முடியும். காலம் 3 ஆண்டுகள். கூடுதலாக 2 ஆண்டுகள்வரை நீட்டிப்புக்கு வாய்ப்புண்டு. இது ஆசிரியர் பரிமாற்றத் திட்டம், குடியேற்றத்துக்கான விசா அல்ல. அங்கேயே தங்கிவிடலாம் என்று சொல்லிப் பணம் கேட்பவர் பொய் சொல்கிறார்.

நம்பிக்கை 3: கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க இந்தியர்களுக்கு இடமே இல்லை.

உண்மை: ஹூண்டாயும் சாம்சங்கும் இருக்கும் ஊரில்கூட இந்த விஷயம் பலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தம் தருகிறது. மொழிப் பயிற்றுநருக்கான இ-2 விசாவை ஆங்கிலத்துக்குப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்கே கொரியா தருகிறது. ஆனால் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் இந்தியர்களுக்கும் ஒரு கதவைத் திறந்தது. பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர், கொரியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராகலாம். குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றும் உடல்நலப் பரிசோதனையும் கட்டாயம். கதவு சிறியது, இடங்களும் குறைவு. ஆனாலும் வழியே இல்லை என்பது தவறு.

நம்பிக்கை 4: சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் வாங்கிவிட்டால் எல்லா நாட்டுக்கும் போதும்.

உண்மை: அப்போஸ்டில் என்பது ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே மட்டும் செல்லும் முத்திரை. இந்தியா 2005இல் அதில் இணைந்தது. கொரியா, ஓமன், பஹ்ரைன் ஆகியவையும் உறுப்பு நாடுகள். சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் கத்தாரும் அதில் இல்லை. அந்த நாடுகளுக்குப் போக மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். சவூதிக்கு விண்ணப்பிப்பவரிடம் பழைய முறைப்படி தூதரக அட்டெஸ்டேஷனுக்கும் சேர்த்து ஏஜென்ட் பணம் கேட்டால், ஏன் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

நம்பிக்கை 5: விசிட் விசாவில் துபாய் போய் வேலையில் சேர்ந்துவிட்டால், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

உண்மை: விசிட் விசாவில் இருக்கும்போது நேர்காணலுக்குப் போகலாம், வகுப்பெடுக்கக் கூடாது. வேலை அனுமதி வந்த பிறகே பணியில் சேர வேண்டும். துபாயில் தனியார் பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு அங்குள்ள கல்வி ஆணையத்தின் ஒப்புதலும் தேவை. பணியமர்த்தும் செலவை ஊழியரிடம் வசூலிப்பதை அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தடைசெய்கிறது. விசா செலவை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லும் பள்ளி அந்தச் சட்டத்தை மீறுகிறது.

இதே விதி இந்தப் பக்கமும் பொருந்தும். ஒரகடத்தில் பணிபுரியும் கொரிய அதிகாரியின் மனைவி, குடும்பத்தினருக்கான விசாவில் இருந்துகொண்டு சம்பளத்துக்குக் கொரிய மொழி வகுப்பெடுக்க முடியாது. அவருக்கும் வேலைவாய்ப்பு விசா வேண்டும். அந்த விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. ஆங்கிலம் தவிர்த்த பிற மொழி ஆசிரியர்களுக்கு இந்தியா இந்த வரம்பிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. கொரிய, ஜப்பானிய மொழி ஆசிரியரை முறையாக அழைத்துவர நினைக்கும் பயிற்சி மையங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை 6: ஏஜென்ட் கேட்கும் தொகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மை: 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண் உண்மையா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், பி.எட். பட்டதாரியிடம் அந்தப் பெயரில் கட்டணம் கேட்பதும் மோசடியே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. ஒரகடத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் விடுப்பு எடுத்து அங்கே நேரில் விசாரிக்கலாம்.