குறைந்த செலவில் வீட்டுக் காவல்

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகச் செல்பவருக்கு, நமது மாநிலம் எங்கே முடிகிறது, கர்நாடகம் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படாது. தக்காளி வயல்களும் ரோஜாத் தோட்டங்களும் இரு பக்கமும் ஒன்று போலவே விளங்குகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர் இவ்வட்டாரக் கிராமங்களுக்கு வருமானம் பெருகியது. அதனுடன் வீட்டு வழக்கமும் மாறியது. முன்னாளில் எல்லோரும் வயலுக்குப் போனாலும் பாட்டி ஒருத்தி திண்ணையில் அமர்ந்திருப்பாள். இன்று கணவர் ஒரு ஷிப்டு, மனைவி ஒரு ஷிப்டு, பிள்ளைகள் பள்ளியில். காலையில் பூட்டிய கதவு மாலை வரை பூட்டியே கிடக்கிறது. ஆகவே, திருடன் இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாமற் போயிற்று.

நமது பகுதியில் சேமிப்பு என்றால் பெரும்பாலும் தங்கமே. அதைக் குறிவைத்து வருவோர் எத்தகைய ஏற்பாட்டுடன் வருகின்றனர் என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டின. 2015 ஜனவரியில் கிருஷ்ணகிரியை அடுத்த ராமாபுரத்தில் வங்கிக் கிளையொன்று உடைக்கப்பட்டு, சுமார் 48 கிலோ அடகு நகைகள் களவு போயின. 2021 ஜனவரி 22-ஆம் நாள் ஓசூர் பாகலூர் சாலையில் நகைக் கடன் நிறுவனம் ஒன்றில் பட்டப் பகலில் துப்பாக்கியைக் காட்டிச் சுமார் 25 கிலோ தங்கத்தைக் கொள்ளையடித்தனர். ஆயினும் நகைகளோடு இருந்த ஜி.பி.எஸ். கருவி அவர்கள் சென்ற வழியைக் காட்டிக் கொடுக்கவே, மறுநாளே ஹைதராபாத் அருகில் அவர்கள் பிடிபட்டனர். போன பொருளுக்கு ஓர் அடையாளம் இருந்தால் அது திரும்பி வர வழியுண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

நமது வீடுகளுக்குத் துப்பாக்கியோடு யாரும் வருவதில்லை. வருபவன் பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறான். கருவியை நாமே கொடுக்கிறோம். இதை நான் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் திருமணத்திற்காக இரண்டு இரவுகள் குடும்பத்தோடு வெளியூர் சென்றிருந்தேன். தென்னங்கன்றுக்குக் குழி தோண்டிய கடப்பாரையைக் கொல்லைச் சுவரோரமே விட்டுச் சென்றேன். அந்தக் கடப்பாரையாலேயே பின்கதவின் கொண்டியைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். பூட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. பூட்டிய பூட்டு கொண்டியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. பீரோவின் சாவியோ அதே அறையில் நாட்காட்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் சங்கிலியும், என் தாயார் விட்டுச் சென்ற ஒரு ஜோடிக் காப்பும் போயின. போலீஸார் வந்து எடை என்ன, ரசீது உண்டா, படம் உண்டா எனக் கேட்டபொழுது என்னிடம் ஒன்றுமில்லை. என் மனைவி ஒரு தாளில் காப்பின் பூ வேலையை வரைந்து காட்டினாள். அந்தத் தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது, காப்பு கிடைக்கவில்லை.

பூட்டைவிடக் கொண்டி முக்கியம்

விலையுயர்ந்த பூட்டை வாங்கி, அதனைச் சிறு ஸ்குரூக்களால் பொருத்திய மெல்லிய கொண்டியில் மாட்டுவது பொதுவாகக் காணப்படும் பிழை. நெம்பும்போது ஸ்குரூ மரத்திலிருந்து கழன்று வந்துவிடுகிறது. தச்சரை அழைத்து, கொண்டியும் நாதாங்கியும் கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, நட்டு உட்புறத்தில் முடுக்கப்படுமாறு செய்துகொள்ள வேண்டும். ஒரு கதவுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது. நிலை கரையான் அரித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்வது அவசியம். உளுத்த மரத்தில் எந்தப் பூட்டும் நில்லாது.

முன்கதவில் தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கு அறிவிக்கும் விளம்பரமாகும். இயன்றவர்கள் கதவுக்குள்ளேயே பதியும் உள்பூட்டைப் பொருத்திக்கொள்ளலாம். பின்கதவுக்கு உட்புறமாக ஒரு குறுக்கு இரும்புத் தாழ் போட்டுவிட்டு, முன்வாசல் வழியாக மட்டும் வெளியேறும் வழக்கம் நல்லது. ஓட்டு வீடுகளிலும் சிமெண்டு ஷீட்டு வேய்ந்த வீடுகளிலும் கூரை வழியே இறங்குவதுண்டு. ஆகையால் ஏணியை வெளியே சாய்த்து வைக்கலாகாது. ஏணி, கடப்பாரை, மண்வெட்டி, கோடரி யாவும் இரவிலும், ஊருக்குப் போகும்போதும் வீட்டுக்குள் இருக்கட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. சாவியைத் துளசி மாடத்திலோ, நிலையின் மேலோ வைக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதை அறியாத திருடன் கிடையாது.

நாய் வளர்ப்பவருக்கு இக்கட்டுரையில் பாதி தேவைப்படாது. வளர்க்க இயலாதவர், அசைவைக் கண்டால் தானே எரியும் விளக்கொன்றைக் கொல்லைப்புறத்தில் பொருத்தலாம். காமிரா வாங்குவதாயின், கதவுகளைச் சீர்செய்த பின்னரே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. காமிரா திருட்டைப் படம் பிடிக்கும். தாழ்ப்பாள்தான் திருடனைத் தாமதப்படுத்தும். சந்திரசூடேஸ்வரர் தேருக்கோ, திருமணத்திற்கோ செல்லும்போது கைப்பேசியில் படம் போட்டு ஊரறியச் செய்வதைத் திரும்பி வந்த பின் செய்யலாம். பக்கத்து வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதுமானது.

நகைக்கு ஒரு கணக்கு

ஒவ்வொரு நகையையும் இரு பக்கமும் படமெடுத்து, எடை, கல், பழுது பார்த்த இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அதனை உறவினர் வீட்டில் வைத்திருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறி பொறிக்கப்படுகிறது. அதையும் குறித்துக்கொள்வது நலம். அன்றாடம் அணியாத நகைகளை வங்கி லாக்கரில் வைக்கலாம். ஆனால், வங்கியில் களவு போனாலும் முழு மதிப்பும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2022 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, களவு முதலியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கே. எனினும் பீரோவைவிட அது மேலானது என்பதில் ஐயமில்லை.

ஊராட்சி செய்யக்கூடியது

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110-ஆம் பிரிவில், குடியிருப்புப் பகுதிகளில் பொதுச் சாலைகளுக்கு விளக்கு அமைப்பதை ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாகக் கூறுகிறது. எரியாத விளக்கு எந்தக் கம்பத்தில் உள்ளது என்று உறுப்பினர்கள் மாதமொருமுறை இரவில் நடந்து பார்த்து எழுதிக் கொடுத்தால், பழுது நீக்குவது எளிதாகும். கம்பெனிப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குள் வரும் பாதையே முதற்கண் கவனிக்கத் தக்கது. பின்னிரவு ஷிப்டு முடிந்து பெண்கள் நடந்து வருவதும் அவ்வழியே.

பல ஊர்களில் இளைஞர்கள் முறை வைத்து இரவு ரோந்து செல்ல முன்வருகிறார்கள். இது பாராட்டத்தக்கது. ஆனால், ஒரு கண்டிப்பான எல்லை வேண்டும். 2018 மே மாதத்தில், குழந்தை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்துக் கொன்றனர். நமது வட்டாரத்திலோ, வட மாநிலங்களிலிருந்து வந்து ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைப்பவர்கள் ஏராளம். மொழி தெரியாமல் வழி கேட்டு நிற்பவன் திருடன் ஆகிவிட மாட்டான். ஐயம் தோன்றினால் 112-க்குத் தொலைபேசி செய்வது, வண்டி எண்ணைக் குறிப்பது, விளக்கைப் போட்டுக் குரல் கொடுப்பது ஆகிய இம்மூன்றோடு ரோந்துக்காரரின் வேலை முடிகிறது. கை வைக்கக் கூடாது என்பதைக் கிராம சபையிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

களவு நடந்துவிட்டால்

எதையும் தொடாமல், வீட்டைக் கூட்டாமல், முதலில் போலீஸாருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லைப்புறமாதலால், எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்ற குழப்பம் எழக்கூடும். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் கட்டணமின்றிப் பெறலாம்; அதைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

வயலிலுள்ள பம்ப் செட்டையும் வீட்டின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். மோட்டாரின் செம்புக் கேபிளை இரவில் அறுத்துச் செல்வது விவசாயிகள் அடிக்கடி கூறும் குறை. கேபிளைக் குழாயினுள் செலுத்தி மண்ணில் ஆழப் புதைப்பதும், ஸ்டார்ட்டர் பெட்டி உள்ள அறைக்கு மேற்சொன்னவாறு போல்ட்டு வைத்த கொண்டி போடுவதும் பயன் தரும். மோட்டாரின் எண்ணை நகை எழுதிய அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.