யாரிடம் கேட்டீர்?

ஹதீஸ் கலையில் ‘இஸ்னாத்’ என்றோர் ஏற்பாடு உண்டு. ஒரு செய்தியைச் சொல்பவர், அதைத் தாம் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று வரிசையாகப் பெயர் சொல்லியாக வேண்டும். இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் செய்தி பலவீனமாகிவிடும். குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகளும் தனியே ஓதிக்கொண்டு போவதில்லை. ஒருவர் ஓத, மற்றவர் கேட்டுத் திருத்துவார். மதரஸாவில் ஓதிய எவரும் அறிந்த விஷயமே இது. இடம்பெயர்ந்து போன நம் நகரத்து ஜனங்களின் ஞாபகத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பிரிக்ஃபீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 1881-ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்பு வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டிடங்கள் எழ வேண்டுமென்று சுவெட்டன்ஹாம் துரை உத்தரவிட்டார். அதற்காகச் செங்கல் அறுத்த இடமாதலால் அந்தப் பெயர். பிறகு ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் உத்தியோகத்துக்கும் கூலி வேலைக்கும் வந்து குடியேறினர். 1905 வாக்கில் கட்டப்பட்ட அரசாங்கக் குடியிருப்புக்கு ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்றே பெயர். காலம் மாறிற்று. பழைய ரயில்வே நிலம் 72 ஏக்கர் கே.எல். சென்ட்ரல் ஆயிற்று, நிலையம் 2001-ல் திறக்கப்பட்டது. குவார்ட்டர்ஸ் வரிசைகள் இடிபட்டன. ஜனங்கள் பூச்சோங், கிள்ளான் என்று பிரிந்தார்கள். 2010-ல் ‘லிட்டில் இந்தியா’ என்று பெயரிட்டு வளைவுகள் வைத்தார்கள். வளைவு அழகுதான், கடைக்காரர்களுக்கு லாபமும் உண்டு. ஆனால் எந்த வீட்டில் யார் இருந்தார் என்று வளைவுக்குத் தெரியுமா?

கிள்ளானில் என் மளிகைக் கடைக்கு இரண்டு ரயில்வே பென்ஷன்காரர்கள் வருவார்கள். சாமான் வாங்குவது கால் மணி, பேச்சு ஒரு மணி. “பால்காரர் மாட்டுக் கொட்டகை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்” என்பார் ஒருவர். “இல்லப்பா, அந்தப் பக்கம். எங்கம்மா என்னைத்தானே பால் வாங்க அனுப்பும்!” என்பார் மற்றவர். “பாய், நீங்களே சொல்லுங்க” என்று என்னையும் இழுப்பார்கள். நான் என்னத்தைச் சொல்வேன்! ஆனால் அந்தச் சண்டையில்தான் சரக்கு இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் அது கதை. திருத்த இன்னொருவர் இருந்தால் அது ஒப்புப் பார்த்த கணக்கு. நாளை இருவரில் ஒருவர் காலமானால், மற்றவரைத் திருத்த ஆள் இல்லை. பேரப்பிள்ளைகளோ காரில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வானேன்? யாரும் அவர்களை உள்ளே கூப்பிடவில்லையே.

நம் சமூகத்தின் நிலை என்ன? கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா 1863-ல் மரத்தால் கட்டப்பட்டது. இப்போதுள்ள கட்டிடம் 1960-களில் எழுந்தது. கட்டிடம் மாறியும் நோன்புக் கஞ்சி மாறவில்லை. காரணம், அதை யாரும் தனியாகக் காய்ச்சுவதில்லை. இளைஞன் துழாவுவான், பெரியவர் ருசி பார்த்து, “வெந்தயம் பத்தாது தம்பி” என்பார். அதுவும் இஸ்னாத்தான். அரபுத்தமிழுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நம் பாட்டனார்கள் கடிதமும் கணக்கும் எழுதிய அந்த எழுத்தை, என் வயதுக்காரர்களில் பலருக்குக் கூட்டிப் படிக்கவும் வராது. பெட்டியில் காகிதம் இருக்கிறது, படித்துக் காட்ட ஆள் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பல் 1973-ல் ஓட்டத்தை நிறுத்தியது. அதில் கைக்குழந்தையாக வந்தவருக்கே இப்போது ஐம்பது கடந்துவிட்டது. விவரம் தெரிந்து வந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

ஆகவே, மாதம் ஒருநாள் மஃரிபுக்குப் பின் இரண்டு மூன்று பெரியவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, பிள்ளைகள் கையில் நோட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும். தனித்தனியே கேட்பதில் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு செய்தியின் கீழும் சொன்னவர் பெயரையும், அவருக்குச் சொன்னவர் பெயரையும் எழுதட்டும். ஒத்துவராத இடத்தில் இரண்டையும் எழுதட்டும். பெண்மக்களையும் கூப்பிடுங்கள், எந்த வீட்டுக் கறி எந்த வீட்டுக்குப் போயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு வேண்டிய சீனியும் தேயிலையும் என் கடையிலிருந்து வரும்.