புரட்டாசியில் மாடிக்கு ஏறுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

சீலப்பாடியில் வீடு கட்டி, தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோன ஆறே மாதத்தில், படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து பெயின்ட் உரிந்து விழுவதாக எழுதியிருந்தீர்கள். இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்று பெயின்டர் சொல்கிறார், அடிக்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அடிக்காதீர்கள்.

நாம் தண்ணீருக்கு ஏங்கி வளர்ந்தவர்கள். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தையும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் நம்பிக் குடங்களை வரிசையில் வைத்த ஊர் நம் திண்டுக்கல். அதனால் தண்ணீர் என்றாலே வரவு என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் நம் வீடுகளைக் கெடுப்பதும் அதே தண்ணீர்தான். கரையானோ, கம்பித் துருவோ, சுவரில் கை வைத்தால் ஷாக் அடிப்பதோ, எதைத் தேடிப் போனாலும் பெரும்பாலும் ஓர் ஈரத்தில் போய்த்தான் நிற்கும்.

உங்கள் சுவருக்கு வருகிறேன். திண்டுக்கல் பாறை நிலம். போர் தண்ணீரில் இயல்பிலேயே உப்பு உண்டு. தோல் தொழிற்சாலைகளைச் சுற்றிய பகுதிகளில் நிலத்தடி நீர் இன்னும் கெட்டுப்போயிருக்கிறது. கலவை போடவும் சுவர் நனைக்கவும் அந்தத் தண்ணீரைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். செங்கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கீழிருந்து ஓதம் ஏறும்போது உப்பும் கூடவே ஏறுகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் பூச்சுக்குள் தங்கிப் படிகமாகி, காரையை உள்ளிருந்து தள்ளும். மேலே பெயின்டால் மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் ஓரடி மேலே போய் வெடிக்கும்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குளியலறையா, வெளிக்குழாயா, சுவரை ஒட்டி மண் அணைத்து வைத்த செடிகளா? காரணத்தை நிறுத்திய பிறகு உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு சில மாதம் வெறுமனே காயவிட வேண்டும். விருந்தாளிகள் வரும்போது பார்க்க அசிங்கமாக இருக்கும், தெரியும். இருக்கட்டும். மறுபக்கம் எந்த ஈரமும் இல்லையென்றால், அடித்தளத்துக்கு மேல் போட வேண்டிய ஓதத்தடுப்புப் பட்டை சரியாக விழவில்லை என்று பொருள். அதற்குப் பெயின்டரைக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்த வேலை தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இனி என் கதை. நாங்கள் குடியேறிய இரண்டாம் வருஷம் ஐப்பசியில், பக்கத்து வேப்பமரத்து இலைகள் மாடியின் மழைநீர்க் குழாய் வாயை அடைத்துவிட்டன. இரண்டு இரவுகள் மொட்டை மாடியில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. மழை நின்றதும் வடிந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன். மார்கழியில் கூடத்து விட்டத்தில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தேன். மூன்றாம் வருஷம் என் மகன் படித்துக்கொண்டிருந்த மேசைக்கு ஒரு முழம் தள்ளி, தட்டளவு காரை விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்திருந்தது. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் ஊதும். எந்த கான்கிரீட்டும் அதைத் தாங்காது. ஒரு கைப்பிடி இலையை அள்ளிப் போட்டிருந்தால் போதும். இன்றும் அந்த மேசையைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறுகிறது.

அதனால்தான் மாடியைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் சொல்லிவிடும். ஊற்றிய நீர் குழாய் வாயை நோக்கி ஓட வேண்டும். எங்காவது தேங்கினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கொத்தனாரிடம் காட்டுங்கள். தட்டோடுகளின் இணைப்பையும் கைப்பிடிச் சுவரின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். உங்கள் வீட்டிலும் குழி இருக்கும். அதில் மேலே உள்ள மணலும் ஜல்லியும் சேறு பிடித்திருந்தால் வெளியே எடுத்து அலசிப் போடுங்கள்.

சம்ப் கசிகிறதா என்று அறிய, இரவு மோட்டாரையும் வரத்துக் குழாயையும் நிறுத்தி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கசிவுதான்.

கீசரை உப்புத் தண்ணீர் மெல்லத் தின்னும். கொதிக்கும் இடத்தில் சுண்ணாம்பு படிந்து, உள்ளே சூடாக்கும் கம்பிச்சுருள் அளவுக்கு மீறிச் சூடேறி வெடித்தால் மின்சாரம் தண்ணீரில் கசியும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுரண்டச் சொல்லுங்கள். தொட்டி அரிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். தான் கரைந்து தொட்டியைக் காப்பது அதன் வேலை. அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்பெட்டியில், மின்சாரம் கசிந்தால் கரண்டை நிறுத்திவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதில் டெஸ்ட் என்ற சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டப்பென்று கரண்ட் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள்; மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், ஒரு மனிதரை அதற்குள் இறங்கவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அந்த விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைக் கொன்றுவிடும்.

கடைசியாக, வாசல் பூட்டு இறுகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊரில் இருந்துகொண்டு அதில் தேங்காயெண்ணெய் விடலாமா? எண்ணெய் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் முனையைத் தூளாக்கிச் சாவியில் தடவி, நாலைந்து முறை திருப்புங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துடைப்பத்தோடும் ஒரு வாளித் தண்ணீரோடும் மாடிக்கு ஏறுங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். ஊற்றிய தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்