தலைவலியை மறைத்தேன், உச்சியை இழந்தோம்

சென்ற பருவ விடுமுறையில் நண்பர்கள் நால்வரோடு சபாவுக்குச் சென்றேன். கினாபாலு மலையின் 4095 மீட்டர் உச்சியைத் தொட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்காக மூன்று மாதம் நாள்தோறும் ஓடினேன். கையுறை, தலைவிளக்கு, மழைச்சட்டை எல்லாம் வாங்கினேன். உயர மலை நோயைப் பற்றி மட்டும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. உடல்வலு இருந்தால் போதும் என்ற எண்ணம்!

3272 மீட்டர் உயரத்தில் உள்ள பனாலாபான் தங்குமிடத்தில் இரவு உணவின்போது தலை வலித்தது; குமட்டியது. நண்பர்கள் கேட்டபோது, "ஒன்றுமில்லை" என்று மழுப்பினேன். பின்னிரவு 2 மணிக்கு உச்சியை நோக்கிப் புறப்பட்டோம். அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி என்னைக் கீழே அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. அவரில்லாமல் மற்றவர்கள் மேலே போக முடியாது. ஐவருமே திரும்பினோம். "மாலையே சொல்லியிருந்தால் நீ மட்டும் தங்கியிருப்பாய், இவர்கள் போயிருப்பார்கள்" என்றார் அவர். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

இந்நோய் ஏன் வருகிறது? காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி என்று தமிழ்ப்பள்ளியில் படித்தோம். மலை உச்சியிலும் அதே பங்குதான். ஆனால், காற்றழுத்தம் குறைவதால் கினாபாலு உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 விழுக்காடு உயிர்வளியே கிடைக்கிறது. உடல் இதற்குப் பழக நாள்கள் தேவை. நாங்களோ கோத்தா கினாபாலுவில் விடியற்காலை புறப்பட்டு, 1866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலிலிருந்து நடந்து, அன்று மாலையே பனாலாபானை அடைந்துவிட்டோம். ஓட்டப் பயிற்சி கால்களுக்கு உதவும், இந்நோயைத் தடுக்காது.

எனவே, நண்பர்களே, புறப்படுமுன் இவற்றைக் கவனியுங்கள்:

1. மலையேறுவதற்கு முதல் நாள் இரவு பூங்காத் தலைமையகப் பகுதியிலோ குண்டாசாங்கிலோ தங்குங்கள். ஓரளவு உதவும்.

2. நேபாளம், லடாக் போன்ற இடங்களில் 3000 மீட்டரைத் தாண்டிய பின், இரவில் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடுங்கள்.

3. அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் விரைவில் பழக உதவும். ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் உண்ணாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

4. மெதுவாக நடங்கள். மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிருங்கள்.

5. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அளவுமீறிய சோர்வு இருந்தால் மேலே ஏறாதீர்கள். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் உடனே துணையோடு கீழே இறங்க வேண்டும்.

அன்று காலை திம்போஹோனுக்கு இறங்கியதும் என் தலைவலி பறந்துவிட்டது. நண்பர்கள் ஒருவரும் என்னைக் கடியவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அடுத்த விடுமுறையில் மீண்டும் செல்லவிருக்கிறோம். இம்முறை எங்களுக்குள் ஓர் உடன்பாடு: இரவு உணவின்போது ஒவ்வொருவரும் தம் உடல்நிலையை உள்ளபடி சொல்ல வேண்டும். முதலில் சொல்லப் போவது நான்.